கூட்டாளிகளோடு கெந்திங் மலைக்கு: முதல்முறை ஏறுகிறவர்களுக்கு

கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருக்காது, அதற்குள் யாராவது ஒரு கூட்டாளி "இந்த வாரம் கெந்திங் ஏறலாமா?" என்று கேட்டுவிடுவான். நான் முதல்முறை ஏறியபோது கையில் 300 வெள்ளி இருந்தது. (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம்.) இரவு எட்டரைக்கு அது அங்குள்ள கேசினோவில், அதாவது சூதாட்டக் கூடத்தில், தீர்ந்துவிட்டது. திரும்பிப் போகும் பஸ்ஸோ மறுநாள் மதியம் ஒன்றரைக்கு. அந்தப் பதினேழு மணி நேரம் குளிரில், காலிப் பையோடு சுற்றியபோது கற்றுக்கொண்டதுதான் கீழே உள்ளவற்றில் பாதி. மீதிப் பாதி, அதற்குப் பிறகு வருடம் ஒருமுறை நாலைந்து பேராகப் போய்ப் போய்ப் பழகியது.

கெந்திங் இருப்பது பகாங், சிலாங்கூர் எல்லையில், கிட்டத்தட்ட 6,000 அடி உயரத்தில். மலேசியாவில் சட்டப்படி நடக்கும் ஒரே கேசினோ அங்கேதான். 1964இல் கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்த லிம் கோ தோங் என்ற ஒப்பந்தக்காரருக்கு, தலைநகருக்குப் பக்கத்திலேயே ஒரு குளிர் மலை இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. நாடாளுமன்ற மக்களவையின் முதல் சபாநாயகராக இருந்த முகமது நோவா ஓமாரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு 1965இல் இறங்கினார். காட்டை வெட்டிச் சாலை போடவே நாலு வருடம் பிடித்தது. 1969இல் அப்போதைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார், கேசினோ உரிமமும் அந்த வருடமே கிடைத்தது. 1971இல் முதல் ஹோட்டல் திறந்தது. வழியில் வரும் கோ தோங் ஜெயா என்ற சிறு நகரம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

யார் யார் வருகிறார்கள் என்று முதலில் எண்ணுங்கள்

கேசினோவுக்குள் நுழைய 21 வயது ஆகியிருக்க வேண்டும். முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. நம் கூட்டங்களில் எப்படியும் ஒரு முஸ்லிம் கூட்டாளி இருப்பான். "நீ வெளியே நில்லுடா, அரை மணியில் வந்துடுறோம்" என்று சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் காணாமல் போவதைப் போன்ற அநியாயம் வேறு இல்லை. அவனும் வருகிறான் என்றால், கேசினோவை இரவில் இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்குங்கள். பகல் முழுக்க எல்லோரும் சேர்ந்து செய்கிற காரியமாக வையுங்கள். மலையில் அதற்குக் குறைவில்லை, பின்னால் சொல்கிறேன்.

மலேசியர்கள் மைகாட்டை (அடையாள அட்டை) மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்கள் பாஸ்போர்ட்டை. கைப்பேசியில் எடுத்த படத்தை நம்பி ஏறாதீர்கள். உடையும் பார்ப்பார்கள். ஜப்பான் சிலிப்பர், கையில்லாத பனியன், கிழிந்த கால்சட்டை எல்லாம் வேண்டாம். மூடிய ஷூ, நீளக் கால்சட்டை, கழுத்துள்ள சட்டை போட்டிருந்தால் எந்த வாசலிலும் பேச்சு வராது. மேலே ஒரு ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும். கோலாலம்பூர் வெயிலில் நிற்கும்போது இது கேலியாகத் தெரியும், இரவு மூடுபனி இறங்கும்போது தெரியாது.

நாள்

முடிந்தால் செவ்வாய், புதன். அதே அறை சனிக்கிழமை என்றால் விலை பல மடங்கு ஏறும். மேசைகளில் குறைந்தபட்சப் பந்தயமும் கூட்டத்தைப் பார்த்து ஏறும். நம் பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்தால் போதாது, சிங்கப்பூர் விடுமுறையையும் பாருங்கள். சீனப் புத்தாண்டு வாரத்தில் போகவே போகாதீர்கள், மேசைக்குப் பக்கத்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

அறைக்குப் பெரும்பாலோர் போவது ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலுக்கு. 7,351 அறைகள், உலகிலேயே அதிக அறைகள் உள்ள ஹோட்டல் என்று கின்னஸில் இடம்பெற்றது. அத்தனை அறை என்றால் வரவேற்பில் வரிசை எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அங்கே மெஷினிலேயே பதிவு செய்து சாவி எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அறை சின்னது, மெத்தை சுமார். தூங்கத்தானே போகிறோம்.

பணத்தைக் கீழேயே பிரித்துவிடுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் தாவாதீர்கள். எங்கள் கூட்டத்தில் நடைமுறை இப்படி. புறப்படுவதற்கு முந்தின இரவு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்து, அறை, பயணம், சாப்பாடு, டிக்கெட் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு ஒருவனிடம் கொடுத்துவிடுவோம். அவன் பொருளாளர். எங்களில் சூதாட்டத்தில் துளியும் ஆர்வமில்லாத ஒருவன் இருக்கிறான், பத்து வருடமாக அவனேதான் பொருளாளர். விளையாட்டுக்கான காசு தனி. அது ஆளுக்கு ஆள் வேறுபடும், யாரும் யாரிடமும் எவ்வளவு என்று கேட்பதில்லை. ஆனால் ரொக்கமாக, ஒரு உறையில் இருக்க வேண்டும். வங்கி அட்டை பொருளாளர் பையில்.

அப்புறம் ஒரு விதி: மலையில் யாரும் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. கேட்பவன் சொந்தத் தம்பியாக இருந்தாலும் சரி. உறை காலியானால் அவன் மற்றவர்களுக்கு மைலோ வாங்கிவர வேண்டும், அவ்வளவுதான் தண்டனை.

முன்பின் தெரியாத ஒருவர் அன்பாகப் பேசி "அவசரம்னா நான் தர்றேன், நாளைக்குக் கொடுங்க" என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். ஆ லோங் என்று ஊரில் சொல்லும் வட்டி முதலைகள் எப்படி வசூலிப்பார்கள், வீட்டுக் கதவில் எப்படிச் சிவப்புச் சாயம் ஊற்றுவார்கள் என்பதை நம் தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டுகிற எவருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை.

ஏறுவது

தலைநகரிலிருந்து ஒரு மணி நேரம். காரில் என்றால் கோம்பாக் டோல் தாண்டி காராக் நெடுஞ்சாலை, கெந்திங் செம்பாவில் பிரிந்து ஏற வேண்டும். எண்ணெயைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வளைவுகள் செங்குத்தானவை, மூடுபனி வந்தால் முன்னே போகும் வண்டியின் பின்விளக்கு மட்டும்தான் தெரியும். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. 2013 ஆகஸ்ட்டில் அந்த இறக்கத்தில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். கியரை 2க்கோ L-க்கோ இறக்கி, இஞ்சின் பிடியிலேயே மெதுவாக வாருங்கள். சின்ன கார் என்றால் ஐந்து பேரும் பெட்டிகளும் அதற்குப் பாரம். எங்கள் கார் ஒருமுறை பாதி ஏற்றத்தில் சூடேறி நின்று, ஓரமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் பஸ்ஸையே சொல்வேன். தலைநகரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் ஏறினால் மலைப் பாதியில் உள்ள அவானாவில் இறக்கிவிடும். அங்கிருந்து அவானா ஸ்கைவே கேபிள் கார், பத்து நிமிடத்தில் மலை உச்சி. காட்டுக்கு மேலே, மேகத்துக்குள் நுழைந்து போகிற அந்தப் பத்து நிமிடம்தான் பல பேருக்குப் பயணத்தில் நினைவில் நிற்பது. திரும்பி வரும் பஸ் டிக்கெட்டையும் அப்போதே வாங்கிவிடுங்கள். ஞாயிறு மாலை வரிசையில் நின்று டிக்கெட் கிடைக்காமல் போனவர்கள் நிறைய.

கேபிள் கார் நடுவில் சின் சுவீ குகைக் கோயிலில் நிற்கும். இறங்குங்கள். லிம் கோ தோங் கட்டிய கோயில் அது. பாறைச் சரிவில் அடுக்கடுக்காக, பெரிய புத்தர் சிலையோடு இருக்கும். தெளிவான நாளில் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். ஏறும்போதே பார்த்துவிடுங்கள். இறங்கும்போது ஒருவருக்கும் மனம் இருக்காது.

உள்ளே நுழைந்ததும்

முதல் அரை மணி நேரம் விளையாடாதீர்கள். நடந்து பாருங்கள். எந்த மேசையில் குறைந்தபட்சம் எவ்வளவு என்று பலகையில் போட்டிருக்கும். கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது, எடுத்தால் உடனே ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார்.

காசைச் சிப்பாக (பந்தயத்துக்கு வைக்கும் வில்லை) மாற்ற, மேசையை நடத்தும் டீலர் கையில் கொடுக்கக் கூடாது. ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் மேசைமேல் வையுங்கள். அவர் விரித்து எண்ணி, சிப்பைத் தள்ளுவார். மேலே இருக்கும் கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை நாடகம். எண் போட்ட சக்கரத்தைச் சுழற்றி ஆடும் ரூலெட் மேசையில் தரும் வண்ணச் சிப்புக்கு அந்த மேசையில் மட்டும்தான் மதிப்பு. எழும் முன் அங்கேயே சாதாரணச் சிப்பாக மாற்றிக்கொண்டு, அதைக் காசாளரிடம் கொடுத்துப் பணமாக்க வேண்டும். பந்தயம் மூடியாயிற்று என்று டீலர் கையை வீசிவிட்டால் சிப்பைத் தொடவே கூடாது.

எந்த மேசை

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். 2019 முதல் கேசினோ உரிமக் கட்டணமே வருடத்துக்கு 15 கோடி வெள்ளி. அதற்கு மேல் வரி, சம்பளம், விளக்கு, கேபிள் கார். இவ்வளவும் எங்கிருந்து வருகிறது என்றால், ஒவ்வொரு பந்தயத்திலும் ஒளிந்திருக்கும் ஒரு சின்னச் சதவிகிதத்திலிருந்து. அதைத்தான் வீட்டின் பங்கு என்பார்கள், வீடு என்றால் கேசினோ. அது மேசைக்கு மேசை வேறுபடும்.

தாய் சாய்: மூன்று தாயக்கட்டைகள். கூட்டுத்தொகை 4 முதல் 10 வரை சிறியது, 11 முதல் 17 வரை பெரியது. மூன்றும் ஒரே எண்ணாக விழுந்தால் சிறியதும் தோற்கும், பெரியதும் தோற்கும். மொத்தம் 216 விதமாகக் கட்டைகள் விழலாம். அதில் சிறியது 105, பெரியது 105, மூன்றும் ஒன்று 6. அந்த ஆறுதான் வீட்டின் பங்கு, 2.78 சதவிகிதம். புதியவர்களுக்கு நான் சொல்வது இந்த மேசையின் இந்த இரண்டு கட்டங்களைத்தான். வேறு கட்டங்களில் ஆசைகாட்டும் பெரிய எண்கள் எழுதியிருக்கும். பெரும்பாலும் எண் பெரிதாக ஆக வீட்டின் பங்கும் பெரிதாகும்.

பக்காரா: மேசையைச் சுற்றிக் கூட்டம் எப்போதும் இங்கேதான். இரண்டு பக்கம், பேங்கர், பிளேயர். சீட்டுகளின் கூட்டுத்தொகையில் கடைசி இலக்கம் 9க்கு எந்தப் பக்கம் நெருங்குகிறதோ அது ஜெயிக்கும். சீட்டு எடுப்பது எல்லாம் டீலர் வேலை, நீங்கள் பக்கத்தைத் தேர்ந்தால் போதும். பேங்கர் ஜெயித்தால் 5 சதவிகிதம் பிடித்துக்கொள்ளும் வழக்கமான மேசையில் பேங்கர் பக்கம் வீட்டின் பங்கு 1.06, பிளேயர் பக்கம் 1.24. ஆனால் சமநிலைக்கு ஒன்றுக்கு எட்டு என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் 14 சதவிகிதத்துக்கு மேல். அந்தக் கட்டம் இருப்பதையே மறந்துவிடுங்கள். திரையில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி வைத்து இதுவரை ஜெயித்த பக்கங்களைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு பெரியவர் அதைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டே இருப்பார், எந்த நாள் போனாலும் அப்படி ஒருவரைப் பார்க்கலாம். அடுத்த சீட்டுக்கு அந்தப் புள்ளிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ரூலெட்டில் சக்கரத்தைக் கவனியுங்கள். ஒரே ஒரு பூஜ்யம் இருந்தால் வீட்டின் பங்கு 2.7. இரட்டைப் பூஜ்யமும் சேர்ந்திருந்தால் 5.26, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உட்காரும் முன் பார்க்க வேண்டியது அது ஒன்றுதான்.

பிளாக்ஜாக் (சீட்டுகளின் கூட்டுத்தொகையை 21ஐத் தாண்டாமல் அதற்குப் பக்கத்தில் கொண்டுவரும் ஆட்டம்) ஆடத் தெரியும் என்று நம்மவர்கள் நினைப்பது, சீனப் புத்தாண்டுக்குக் கூட்டாளி வீட்டில் 21 ஆடிய பழக்கத்தில். அந்த வீட்டு விதி இங்கே செல்லாது. ஐந்து சீட்டு எடுத்தால் இரட்டிப்பு என்று டீலரிடம் வாதாடிய ஒருவனைக் கூட்டிப்போய்ப் பட்டவன் நான். எந்தக் கைக்குச் சீட்டு எடுப்பது, எதற்கு நிறுத்துவது என்ற அடிப்படை உத்தியை மனப்பாடம் செய்தவருக்கு இதில் வீட்டின் பங்கு அரைச் சதவிகிதம் அளவுக்குக்கூடக் குறையும். மனப்பாடம் செய்யாதவர் மேசையில் உட்கார்ந்தால் மற்றவர்களின் முறைப்பும் சேர்த்துக் கிடைக்கும்.

ஜாக்பாட் மெஷினைப் பற்றி ஒரே வார்த்தை, வேகம். மேசையில் மணிக்கு முப்பது நாற்பது முறை பந்தயம் வைப்பீர்கள். மெஷினில் பொத்தானை அறுநூறு முறை தட்டிவிடலாம். தாய் சாயில் 50 வெள்ளி வீதம் 30 ஆட்டம் என்றால் 1,500 வெள்ளி புரளும், சராசரியாகப் போவது 42 வெள்ளி. மெஷினில் ஒரு வெள்ளி வீதம் 600 தட்டு, வீட்டின் பங்கு 8 சதவிகிதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் போவது 48 வெள்ளி. ஒரு வெள்ளிதானே என்று உட்கார்ந்தவரும் 50 வெள்ளிக்காரரும் கடைசியில் ஏறத்தாழ ஒரே இடத்தில்.

இன்னொன்று. யாராவது ஒருவன் "தோற்றால் இரட்டிப்பாக வை, என்றைக்காவது ஜெயிச்சுதானே ஆகணும்" என்று கண்டுபிடிப்பு போலச் சொல்வான். 25இல் தொடங்கினால் 25, 50, 100, 200, 400, 800. ஆறு முறை தொடர்ந்து தோற்றால் 1,575 வெள்ளி போயிற்று, ஏழாவதாக 1,600 வைக்க வேண்டும். இவ்வளவும் 25 வெள்ளி லாபத்துக்கு. தாய் சாயில் ஆறு முறை தொடர்ந்து தோற்பது 54இல் ஒரு பங்கு. ஓர் இரவு உட்கார்ந்தால் பெரும்பாலும் கண்ணில் படும். அதற்குள் மேசையின் அதிகபட்ச எல்லையும் குறுக்கே வந்து நிற்கும்.

எப்போது எழுவது

உறை காலியானால், அல்லது பேசி வைத்த மணி ஆனால், எது முன்னால் வருகிறதோ அது. கைப்பேசியில் அலாரம் வையுங்கள். ஜன்னல் இல்லாத இடத்தில் இரவா விடியலா என்று தெரியாது. ஜெயித்தவன் தன் முதலை எடுத்து வேறு பையில் போட்டுவிட்டு லாபத்தில் மட்டும் ஆடட்டும். இது கணக்குப்படி ஒன்றையும் மாற்றாது. ஆனால் இறங்கும்போது அவன் முகம் நன்றாக இருக்கும்.

உங்களில் ஒருவனுக்கு எழ முடியவில்லை, திரும்பத் திரும்ப ஏடிஎம் பக்கமே பார்க்கிறான் என்றால் அவனைக் கிண்டல் செய்யாமல் சாப்பிடக் கூட்டிப்போங்கள். தன்னை உள்ளே விடக் கூடாது என்று தானே எழுதிக்கொடுக்கும் ஏற்பாடும் கேசினோவில் இருக்கிறது. கேட்டால் படிவம் தருவார்கள்.

மற்ற இருபது மணி நேரம்

பகலுக்கு ஸ்கைவேர்ல்ட்ஸ், 2022இல் திறந்த வெளிப்புற விளையாட்டுப் பூங்கா. மழை வந்தால் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், அந்த மலையில் பிற்பகல் மழை வழக்கம். அதனால் காலையில் திறந்ததும் நுழையுங்கள். மழையானால் உள்ளரங்கப் பூங்காவும் ஸ்கைஅவென்யூ பேரங்காடியும் இருக்கின்றன. கச்சேரி, நிகழ்ச்சி ஏதாவது அந்த நாளில் அரீனா ஆஃப் ஸ்டார்ஸில் இருக்கிறதா என்று அறை பதியும் முன்பே பாருங்கள். இருந்தால் அறை விலையும் ஏறியிருக்கும், அதையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்.

மேலே சாப்பாடு விலை கூட. கூட்டமாகப் போனால் ஒருவேளை மட்டும் மேலே நன்றாகச் சாப்பிடுங்கள், மற்றதற்கு அறையில் கப் மெகியும் ரொட்டியும். நாங்கள் வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு போவோம். இரவு இரண்டு மணிக்குக் குளிரில் அதைப் பிரிக்கும்போது, தோற்றவன்கூட முதல் ஆளாகக் கை நீட்டுவான்.

இறங்கும் நாள் காலையில் வண்டி ஓட்டுகிறவன் குறைந்தது ஆறு மணி நேரம் தூங்கியிருக்க வேண்டும். இரவு முழுக்க மேசையில் இருந்தவனிடம் சாவியைத் தராதீர்கள். பஸ்ஸில் வந்தவர்கள், அவானா பக்கத்திலேயே பிரீமியம் அவுட்லெட்ஸ் இருக்கிறது, உறையில் மிச்சம் உள்ளவர்கள் அங்கே செருப்பு பார்க்கலாம். மற்றவர்கள் பையோடு பெஞ்சில் உட்காரலாம். பொருளாளர் மிச்சக் காசை எண்ணி ஆளுக்குத் திருப்பித் தருவதும் அந்த பெஞ்சில்தான். போன முறை ஆளுக்கு 11 வெள்ளி 40 சென் வந்தது, கேஎல் சென்ட்ரலில் இறங்கியதும் பிரிக்ஃபீல்ட்ஸ் நடந்து போய் வாழையிலைச் சாப்பாட்டில் அது முடிந்தது.